ஆடிக்குக் காத்திராத தோட்டம்

ஜூலை முதல் வாரம். வெண்டை ஆறு இலை விட்டு நிற்கிறது. பீர்க்கும் பாகலும் பந்தல் கயிற்றைப் பிடித்துவிட்டன. கொத்தவரை வரிசையாக எழுந்து, களை எடுக்கக் கை நுழையும் அளவுக்கு வந்துவிட்டது. முருங்கைக் கன்று ஒன்றரைச் சாண். கொய்யாவில் புதுத் துளிர், மாதுளையில் பூ.

இதையெல்லாம் போனில் சொன்னால் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆடி பொறக்கவே இல்ல, அதுக்குள்ள என்னடி பந்தலு?" என்கிறாள். அம்மா இருப்பது பழனிக்குப் பக்கத்தில், ஆயக்குடி வட்டாரம். அங்கே 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது வெறும் பழமொழி இல்லை, வேலைத் திட்டம். நான் இருப்பது பூனாவில், கட்கியில். இங்கே ஆடி வரைக்கும் காத்திருந்தால் மழைக்காலத்தில் பாதி கைவிட்டுப் போய்விடும்.

கட்கியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பூனாவுக்கு வடமேற்கில், முளா ஆற்றை ஒட்டிய கன்டோன்மென்ட் ஊர். 1869இல் தொடங்கிய அம்யூனிஷன் ஃபேக்டரியும் ராணுவமும்தான் இந்த ஊரின் பிழைப்பு. என் மாமனார் வீட்டாரும் ஃபேக்டரி வேலையை நம்பி வந்தவர்கள்தான். பஜாரில் நடந்தால் தமிழ் காதில் விழாமல் இருக்காது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு துண்டு நிலம், மேலே மொட்டை மாடி. இரண்டையும் சேர்த்துத்தான் தோட்டம் என்று சொல்கிறேன்.

இந்த வருடப் பருவத்தின் முதல் மாதம் எப்படிப் போனது என்று எழுதி வைக்க ஆசை. தமிழ்நாட்டுக்கு வெளியே தோட்டம் போடுகிறவர்களுக்கு இது உதவலாம்.

மிருகம் பிறந்தால் விதை

நம்மூரில் சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அக்னி நட்சத்திரத்தைக் கணக்கிடுகிறோம். பரணி மூன்றாம் பாதத்தில் தொடங்கி ரோகிணி முதல் பாதத்தில் முடியும். மே மாதம் முழுக்க அதைப் பற்றியே பேசிவிட்டு, கத்திரி கழிந்ததும் அந்தக் கணக்கை மூடி வைத்துவிடுகிறோம். மராத்தி விவசாயிகள் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். ரோகிணி முடிந்து, ஜூன் 7, 8 வாக்கில் சூரியன் மிருகசீரிடத்துக்குள் போவதுதான் இவர்களுக்கு மழைக்காலத்தின் பிறப்பு. 'மிருக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன்பின் திருவாதிரை, புனர்பூசம், பூசம் என்று பதின்மூன்று, பதினான்கு நாளுக்கு ஒரு நட்சத்திரமாக எண்ணிக்கொண்டே போய், அக்டோபரில் அஸ்தத்தோடு மழைக் கணக்கை முடிப்பார்கள்.

பக்கத்து வீட்டு ஆஜிக்கு (பாட்டிக்கு) இது மனப்பாடம். ஜூன் இரண்டாவது வாரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "மிருக் லாகலா, பாளா" என்றார். மிருகம் பிறந்துவிட்டது, இனி விதையைக் கையில் எடு என்று அர்த்தம். அடுத்த சில நாளில் முதல் மழை. மண் வாசனை அடங்குவதற்குள் பாத்தி ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தால், நம்மூரில் மழை விட்டதும் கரிசல் காட்டில் பிள்ளைகள் தீப்பெட்டியில் பிடித்து வைத்துக்கொள்ளும் அதே வெல்வெட் பூச்சி! ரத்தச் சிவப்பு, தொட்டால் பட்டு, எட்டுக் கால். தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு உருண்டை ஆகிவிட்டது. இங்கே இதன் பெயர் 'மிருகாச்சா கிடா', மிருகசீரிடத்தின் பூச்சி. செடிக்கு ஒரு கெடுதலும் செய்யாது. மண்ணில் இருக்கும் மற்ற பூச்சிகளின் முட்டையைத் தின்று நமக்கு உதவும். தோட்டத்தில் இது தென்பட்டால் ஈரம் நன்றாக இறங்கியிருக்கிறது என்று நம்பி விதைக்கலாம்.

ஏன் இந்த அவசரம்? பூனாவின் மழையைப் புரிந்துகொண்டால் தெரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்குப் பக்கம். அரபிக் கடலிலிருந்து வரும் மேகம் மலை முகட்டிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் லோணாவளாவில் வருடத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். பூனாவுக்குக் கிடைப்பது எழுநூறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்பது இங்கே கிடையாது. அம்மா ஆடியில் விதைப்பது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செடி காலூன்றிவிட வேண்டும் என்பதற்காக. இங்கே அந்த ஐப்பசி வரும்போது மழையும் போயிருக்கும், குளிரும் தலைகாட்டியிருக்கும். பழமொழி தப்பில்லை. அது வேறு மழைக்குச் சொன்னது.

ஜூன் கடைசியில் வாரி என்னும் பாதயாத்திரை போகும். துக்காராம் மகராஜின் பல்லக்கு தேஹூவிலிருந்து கிளம்பி, பழைய மும்பை சாலை வழியாக எங்கள் பக்கமாகத்தான் பூனாவுக்குள் நுழைகிறது. வாரிக்காரர்களில் பலர் விவசாயிகள். விதைப்பை முடித்துவிட்டு, பயிரை விட்டலனிடம் ஒப்படைத்துவிட்டு, பண்டரிபுரத்துக்கு நடக்கிறவர்கள். தண்ணீர் கொடுக்க நிற்கும்போது, "உங்கள் ஊரில் விதைப்பு ஆச்சா?" என்று கேட்டால் போதும். அகமத்நகர்ப் பக்கம் எப்படி, பீட் பக்கம் எப்படி என்று மழை நிலவரம் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

கரிசலைக் கையாளுவது

பூனாவின் மண், எரிமலைக் குழம்பு இறுகிய பாறை மக்கி வந்த கரிசல். கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ந்தால் விரல் போகும் அளவு வெடிக்கும், நனைந்தால் ஊதிப்போய் செருப்போடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் பின்கட்டில் ஒரு முழம் தோண்டினால் முரம்பு வந்துவிடும். சத்தில் குறையே இல்லாத மண். ஆனால் ஒரு வாரம் விடாமல் தூறினால் தண்ணீர் இறங்காமல் வேர் மூச்சடைத்துப் போகும்.

அதனால் மே மாதமே எல்லாவற்றையும் மேட்டுப்பாத்தியாக உயர்த்திவிட்டோம். மண் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, இலை மக்கு ஒரு பங்கு. இலைக்குப் பஞ்சமே இல்லை. கன்டோன்மென்ட் சாலைகளில் தூங்குமூஞ்சி மரமும் ஆலமரமும் கோடையெல்லாம் உதிர்த்துத் தள்ளுகின்றன. பாத்திக்கு மேலே அந்தச் சருகையே நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டிருக்கிறோம். மழைத்துளி நேராக மண்ணில் அடித்து, சேறு தெறித்து, அடியிலையில் நோய் ஏறுவதை இது தடுக்கிறது. இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மூடாக்கு, இந்தக் கரிசலுக்குச் சரியான மருந்து.

ஜீவாமிர்தம் மாதம் இருமுறை. இது மகாராஷ்டிரத்திலிருந்து நம்மூருக்கு வந்தது. விதர்பாக்காரரான சுபாஷ் பாலேக்கர் சொன்ன அளவு, இருநூறு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிலோ சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். வீட்டுத் தோட்டத்துக்கு அதை இருபதில் ஒரு பங்காக்கினால் கணக்கு எளிது: பத்து லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ சாணம், கால் லிட்டர் கோமியம், நூறு கிராம் வெல்லம், நூறு கிராம் கடலை மாவு, ஒரு சிட்டிகை மண். நிழலில் வைத்து, காலையும் மாலையும் குச்சியால் கலக்கி, இரண்டு நாள் கழித்து ஊற்றலாம். பக்கத்துக் கோசாலையில் சாணமும் கோமியமும் கிடைக்கின்றன.

கரிசலில் ஒரு சிக்கலை மட்டும் கவனிக்க வேண்டும். இதில் சுண்ணாம்பு அதிகம். அதனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. கறிவேப்பிலையில்தான் முதலில் தெரியும். புதுத் துளிர் வெளிறிப்போய் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, நுனியிலை மஞ்சளானால் இரும்பு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி மருந்துச் செலவு மிச்சம். மாமியார் தன் பழக்கப்படி வாரம் ஒரு முறை புளித்த மோரை நீர்க்க விட்டு வேரில் ஊற்றுகிறார். அதோடு, லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கலந்து இலையில் ஒரு முறை தெளித்தேன். வந்திருக்கும் துளிர் கரும்பச்சை.

காய்ப் பாத்தி

வெண்டை அர்க்கா அனாமிகா. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும். மழைக்கால வெண்டைக்கு அந்த நோய்தான் எமன். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும், வந்த செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. இரவு முழுக்க ஊறவைத்து, டிரைக்கோடெர்மாவில் பிரட்டி, குழிக்கு இரண்டாக ஊன்றினேன். இரண்டும் முளைத்த இடத்தில் இளைத்ததைக் கிள்ளியாகிவிட்டது. முதல் காய் ஜூலை கடைசியில் எதிர்பார்க்கிறேன்.

பந்தலில் பீர்க்கு, பாகல், புடலை. மூன்றுக்கும் ஒரே எதிரி, செவ்வண்டு. வித்திலை விரிந்த அன்றைக்கே எங்கிருந்தோ வந்துவிடும். சாமந்தி நிறத்தில், உளுந்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். சல்லடை மாதிரி இலையைத் துளைத்துவிடும். நம்மூரில் சாம்பல் தூவினால் போதும். இங்கே தினமும் தூறல், சாம்பல் நிற்பதில்லை. விடியற்காலையில் இந்த வண்டு சோம்பிக் கிடக்கும், பறக்காது. அப்போது சோப்புத் தண்ணீர் டப்பாவை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டிவிட்டால் விழுந்துவிடும். நாலைந்து இலை வந்து கொடி ஓடத் தொடங்கும்வரைதான் இந்தப் பாடு. இப்போது எல்லாக் கொடியும் தாண்டிவிட்டன. பூ வந்ததும் பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்ட வேண்டும்.

மழையில் பாலக்கும் மேத்தியும் அழுகிப்போகும். அவற்றைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பருவத்துக்கு மழையை விரும்பும் கீரைகளை வைத்திருக்கிறோம். பொன்னாங்கண்ணி, புளிச்சக்கீரை, மணத்தக்காளி. தண்ணீர் தேங்கும் மூலையில் 'அளு'. நம் சேம்பு வகைதான், இலைக்காக வளர்ப்பது. கிழங்கு ஆஜி கொடுத்தது. இலையில் கடலை மாவு, புளி, வெல்லம் தடவிச் சுருட்டி ஆவியில் வேகவைத்து, வில்லை போட்டுப் பொரித்து அளுவடி செய்வார். நம் வீட்டிலிருந்து முருங்கைக் கீரை அந்தப் பக்கம் போகும். மராத்தி வீடுகளில் முருங்கைக்காய் தெரியும், கீரையும் தெரியும், ஆனால் அடை மாவில் அதை உருவிப் போடுவது ஆஜிக்குப் புதிது. இப்போது அவரே கேட்டு வாங்குகிறார்.

தக்காளியை வேண்டுமென்றே இன்னும் நடவில்லை. ஜூலையும் ஆகஸ்டும் பூனாவில் வானம் மூடியே கிடக்கும். வெயில் இல்லாத தக்காளி நெடுநெடுவென்று வளரும், காய்க்காது, அடியிலையிலிருந்து கருகல் ஏறும். இந்த மாதக் கடைசியில் மாடியில், மழை படாத ஓரத்தில் நாற்றுவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் பாத்திக்கு மாற்றினால் மழை ஓய்ந்த தெளிந்த வெயிலில் பூக்கும். குளிரில் காய் நின்று பழுக்கும். தக்காளிக்கு பூனாவின் குளிர்காலம் அருமையான காலம்.

இரவில் நத்தை வருகிறது. உள்ளங்கை நீளம் இருக்கும் ஆப்பிரிக்க நத்தை. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவை, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிவிட்டன. நனைந்த சாக்கைப் பாத்தி ஓரத்தில் போட்டு வைத்தால் விடிவதற்குள் அதற்கு அடியில் ஒதுங்கிவிடும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறோம்.

எலுமிச்சைத் துளிரில் மட்டும் ஒரு விருந்தாளியை விட்டு வைத்திருக்கிறேன். பார்த்தால் காக்கை எச்சம் மாதிரி, பழுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு. எலுமிச்சை இலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகளில் ப்ளூ மார்மனும் ஒன்று. 2015இல் மகாராஷ்டிரம் அதைத் தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் இதுதான். இந்தப் புழு அதுவா, அதன் உறவா என்பது கூடு உடைந்தால் தெரிந்துவிடும். வளர்ந்த எலுமிச்சை மரம் பத்து இலையை இழந்தால் ஒன்றும் ஆகாது. சின்னக் கன்றாக இருந்தால் எடுத்து வேறு மரத்தில் விட்டுவிடுங்கள், கொல்ல வேண்டாம்.

அம்மா வீட்டுக் கொய்யா எங்கிருந்து போனது?

பழங்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

ஆயக்குடி என்றால் கொய்யா. பழனி சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வாங்காமல் போகமாட்டார்கள். அங்கே வெள்ளைச் சதைக் கொய்யாவில் பெயர்போனது 'லக்னோ'. முழுப் பெயர் லக்னோ-49. சின்ன வயதிலிருந்து அதைத் தின்று வளர்ந்த நான், அது உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தது என்றே நினைத்திருந்தேன். விதை அங்கிருந்து வந்ததுதான், அலகாபாத் சஃபேதா வகை. ஆனால் அந்த விதையில் முளைத்த கன்றுகளிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்தது 1927இல், கட்கியை ஒட்டிய கணேஷ்கிண்டில் இருக்கும் பழ ஆராய்ச்சிப் பண்ணையில். தேர்ந்தெடுத்தவர் டாக்டர் ஜி.எஸ். சீமா. இன்று இதற்கு 'சர்தார்' என்றும் பெயர். அம்மா வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் பாட்டன் மரம் நான் இன்றைக்குக் காய்கறி வாங்கப் போகும் பாதைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது!

கணேஷ்கிண்ட் தோட்டம் 1873இல் தாவரவியல் தோட்டமாகத் தொடங்கியது. 2020இல் மகாராஷ்டிர அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதே தோட்டத்தில் 1936இல் சீமா இன்னொரு காரியம் செய்தார். ஞானேஸ்வரர் சமாதி இருக்கும் ஆளந்தியின் பெயர் கொண்ட ஒரு மாதுளை வகை உண்டு. முத்து நல்ல சிவப்பு, ஆனால் விதை கடினம். அந்த ஆளந்தி வகையிலிருந்து, விதை மெத்தென்று இருக்கும் ஒரு செடியைப் பிரித்தெடுத்தார். அதுதான் 'கணேஷ்' மாதுளை. இன்று கடையில் கிடைக்கும் செக்கச்செவேலென்ற 'பகவா' மாதுளை கணேஷுக்கும், 'குல்-இ-ஷா ரெட்' என்ற வகைக்கும் பிறந்த வாரிசு. 'மிருதுளா'வும் அப்படித்தான். சென்னையிலோ துபாயிலோ துப்பாமல் மென்று தின்னும் மாதுளைக்கு வேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. திராட்சையில் 'சீமா சாஹேபி' என்று அவர் பெயரிலேயே ஒரு வகை உண்டு.

எங்கள் தோட்டத்தில் சர்தார் கொய்யா ஒன்று, கணேஷ் மாதுளை ஒன்று.

கொய்யாவை மே மாதம் நுனி வெட்டிவிட்டோம். காரணம் இருக்கிறது. விட்டால் மழைக்காலத்தில் ஒரு காய்ப்பு வரும். அந்தப் பழம் சப்பென்று இருக்கும், பழ ஈ முட்டையிட்டுப் புழு நெளியும். மேயில் கிளை நுனியை வெட்டினால் அந்தக் காய்ப்பு தவிர்ந்து, மழையில் வரும் துளிரில் பூத்து, குளிரில் பழுக்கும். குளிர்காலக் கொய்யாவுக்குத்தான் இனிப்பும் கடிக்கிற பதமும். இப்போது வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் இரண்டு மூன்று துளிர். இந்த வகை மரம் குடை மாதிரி பக்கவாட்டில் பரவும் என்பதால், நிமிர்ந்த கிளைகளைக் கயிறு கட்டித் தாழ வளைத்திருக்கிறேன். வளைந்த கிளையில் கணுவுக்குக் கணு துளிர் வெடிக்கும். துளிர் அதிகமானால் பூ அதிகம்.

மாதுளை வருடத்தில் மூன்று முறை பூக்கும். மகாராஷ்டிர விவசாயிகள் இதற்கு 'பஹார்' என்பார்கள். மா பூக்கும் ஜனவரி, பிப்ரவரியில் ஆம்பே பஹார். மழை தொடங்கும் ஜூன், ஜூலையில் மிருக பஹார். மழை முடியும் செப்டம்பர், அக்டோபரில் அஸ்த பஹார். மூன்றையும் காய்க்க விட்டால் மரம் ஓய்ந்துபோகும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்தி, இலை உதிரவிட்டு, கவாத்து செய்து, பிறகு எருவும் தண்ணீரும் கொடுத்து எழுப்புவார்கள். வீட்டு மரத்துக்கு மிருக பஹார் எளிது, தண்ணீரை மழை பார்த்துக்கொள்ளும்.

இப்போது அந்தப் பூ வந்திருக்கிறது. தினம் காலையில் மரத்தடியில் ஒரு கைப்பிடிப் பூ உதிர்ந்து கிடக்கிறது. பார்த்துப் பதறவேண்டாம். உதிர்ந்த பூவைக் கையில் எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். மணி மாதிரி கூம்பிக் காம்பில் முடியும், அது ஆண் பூ, உதிர்ந்தே தீரும். மரத்தில் நிற்கும் பூக்களில் சில அடிப்பக்கம் குடம் போல உப்பியிருக்கும். அதுதான் காயாகும். நான் குடப் பூக்களை மட்டும் எண்ணி வைத்துக்கொள்கிறேன். இளம் மரம் என்பதால் கிளைக்கு ஒன்று விட்டால் போதும்.

மழைக்காலப் பூவில் ஒரு அபாயமும் உண்டு. இலையிலும் காயிலும் எண்ணெய் தெறித்தது போல் கறை விழும் 'தேல்யா' என்ற பாக்டீரியா நோய், மழைத்துளியோடு பரவும். மகாராஷ்டிரத்தின் மாதுளைத் தோட்டங்கள் பலவற்றை இது அழித்திருக்கிறது. அதனால் மரத்தின் நடுவை வெட்டித் திறந்து, காற்றும் வெளிச்சமும் போகும்படி வைத்திருக்கிறேன். ஈரமாக இருக்கும்போது கத்திரியை எடுப்பதே இல்லை. ஒரு சதவீத போர்டோ கலவை ஒரு முறை அடித்தாகிவிட்டது.

மூலையில் பூனா அத்தி ஒன்று. சாஸ்வட், புரந்தர் பக்கத்து அத்திதான். புரந்தர் அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வகைக்கு மகரந்தச் சேர்க்கைக்குக் குளவி தேவையில்லை என்பதால் ஒற்றை மரமே காய்க்கும். மழையில் இலையில் துரு விழுகிறது, விழுந்த இலையைப் பொறுக்கி எரித்துவிடுகிறோம்.

குளிருக்கு முன்னால்

பூனாவுக்கு வந்த தமிழர்கள் முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்காமல் இருக்கமாட்டார்கள். டிசம்பரில் இரண்டும் முடங்கிப்போவதைப் பார்த்து வருந்தாமலும் இருக்கமாட்டார்கள். இங்கே குளிர்கால இரவுகள் பத்து டிகிரிக்குக் கீழே போகும். 1935 ஜனவரியில் 1.7 டிகிரி வரை இறங்கியிருக்கிறது.

இந்தக் குளிரைத் தரையோடு தரையாக அளந்தவர் எல்.ஏ. ராம்தாஸ். பாலக்காட்டுக்காரர், சி.வி. ராமனின் மாணவர். 1932இல் பூனாவில் வானிலைத் துறையின் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கியபோது அதைக் கட்டி வளர்த்தவர். காற்றில்லாத தெளிந்த இரவில் தரைதான் மிகக் குளிர்ந்திருக்கும் என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். ராம்தாஸ் இங்கே அளந்து பார்த்தபோது, மிகக் குறைந்த வெப்பம் தரையில் இல்லை, அதற்குச் சற்று மேலே, ஒரு சாண் அளவு உயரத்தில் இருந்தது. கருவி பிழை என்றார்கள் சிலர். பிறகு வேறு இடங்களிலும் அளந்து உறுதியானது. உலகம் இன்று அதை 'ராம்தாஸ் அடுக்கு' என்கிறது. ஏன் அப்படி என்ற விளக்கத்தைப் பல பத்தாண்டுகள் கழித்து பெங்களூரில் ரொத்தம் நரசிம்மாவும் உடனிருந்தவர்களும் தேடினார்கள்.

இளங்கன்றின் குருத்து இருப்பது அந்த உயரத்தில்தான். அதனால் முருங்கையை ஜூனிலேயே விதைத்துவிட்டேன். விதை பி.கே.எம்-1, 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்டது, இன்று மகாராஷ்டிர விவசாயிகளும் விரும்பி நடுவது. முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும். ஆகஸ்டில் கிள்ளினால், குளிர் வருவதற்குள் தண்டு முற்றி, குருத்து ஆள் உயரத்துக்குப் போயிருக்கும். ஆடியில் விதைத்திருந்தால் பிஞ்சுத் தண்டோடு டிசம்பரில் மாட்டிக்கொள்ளும். கறிவேப்பிலையை மேற்குச் சுவர் ஓரம் வைத்திருக்கிறோம். பகலில் சுவர் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். அக்டோபருக்குப் பிறகு அதைக் கவாத்து செய்யக்கூடாது. புதுத் துளிர்தான் குளிரில் முதலில் கருகும்.

விதை போகும், பட்டம் போகாது

கணேஷ்கிண்டில் தேறிய கொய்யா ஆயக்குடியில் சந்தை பிடித்தது. பெரியகுளத்தில் தேறிய முருங்கை கட்கியில் குருத்து விடுகிறது. விதைக்கு ஊர் கிடையாது. ஆனால் எப்போது விதைப்பது, எப்போது வெட்டுவது, எதை எந்தப் பருவத்துக்கு ஒதுக்குவது என்பது அந்தந்த ஊரின் மழைக்கும் மண்ணுக்கும் குளிருக்கும் கட்டுப்பட்டது. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் விதையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறோம், கூடவே பட்டத்தையும் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். செடி வராதபோது 'இந்த ஊர் மண்ணுக்கு நம்ம காய் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். வரும். இங்கே வளர்ந்து நிற்கும் ஒவ்வொரு புடலங்கொடியும் அதற்குச் சாட்சி.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இரண்டு இடத்துக்குப் போங்கள். ஒன்று, பக்கத்தில் இருக்கும் வேளாண் கல்லூரி அல்லது பழ ஆராய்ச்சிப் பண்ணையின் நர்சரி. அந்த மண்ணில் தேறிய கன்று அங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கும். வகைப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பெயர் தெரியாத கன்றை வாங்காதீர்கள். இரண்டு, அந்த ஊரில் முப்பது நாற்பது வருடமாகச் செடி வளர்க்கும் ஒரு பெரியவரின் வீடு. மொழி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த நட்சத்திரத்தில் மழை பிடிக்கும், எந்த மாதம் எந்தப் பூச்சி வரும் என்று அவர்கள் சொல்வது எந்தக் காணொளியிலும் கிடைக்காது.

கட்கியில் இந்த மாதத்து வேலை இவ்வளவு: வெண்டைக்கு மண் அணைப்பது, பந்தலில் பக்கக் கொம்பு கிள்ளுவது, பழ ஈப் பொறி கட்டுவது, மாதுளைக்கு முட்டுக் கொடுப்பது, மாத முடிவில் தக்காளிக்கு நாற்றுவிடுவது. பூனாவிலேயே இருப்பவர்கள் அவரையை இந்த வாரமே ஊன்றிவிடுங்கள். திருவாதிரை முடிந்து புனர்பூசம் பிறக்கிறது, ஈரம் சரியாக இருக்கிறது.